கப்பல் ஏர்கோனுக்கு அவுட்டோர் எங்கே? குளிர் நாட்டில் சூடு எப்படி வருகிறது?

பந்திங்_ஏர்கோன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பந்திங்கில் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறேன். வீடு, கடை, கோயில் மண்டபம், சுற்றியுள்ள தோட்டத்து ஆபீஸ், மில் ஆபீஸ் என்று 1 எச்பியிலிருந்து 2.5 எச்பி வரை எல்லாம் ஸ்பிலிட் வேலைதான், எப்போதாவது ஒரு சீலிங் கேசட் வரும். எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை முடித்திருக்கிறேன். இப்போது கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் வேலை எடுக்கும் ஒரு குத்தகையாளர் ஆள் தேடுகிறார். கப்பல் கரையில் கட்டியிருக்கும் நேரத்தில் ஏறி, ஆட்கள் தங்கும் பகுதியின் ஏர்கோனைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் நேரில் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்.

கேரித் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போகும்போது பெரிய கப்பல்கள் போவதைத் தூரத்தில் பார்த்ததோடு சரி, உள்ளே ஏறியதே இல்லை. அதனால்தான் கேட்கிறேன். இத்தனை அறைக்கும் அவுட்டோர், அதாவது வெளியே மாட்டும் பெட்டி, எங்கே வைத்திருப்பார்கள்? கடற்கரை வீடுகளில் மாட்டிய அவுட்டோரின் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் சில வருடத்திலேயே உப்பு தின்று உதிர்வதைப் பார்க்கிறேன், நடுக்கடலில் அது எப்படித் தாங்கும்? அப்புறம் அதே கப்பல் கொரியா, ஐரோப்பா என்று பனிக்காலத்தில் போகிறதே, அப்போது சூடு வேண்டுமே, ஹீட் பம்ப் மாதிரி அதே கம்ப்ரசரைத் திருப்பி ஓட்டுவார்களா, இல்லை வேறு ஏற்பாடா? உள்ளே என்ன நடக்கிறது என்று வேலை செய்தவர்கள் யாராவது விளக்கினால் பெரிய உதவி.


இரண்டாம்_இஞ்சினியர்:

தம்பி, நல்ல கேள்வி. நான் பல வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடி ஓய்வு பெற்று இப்போது கிள்ளானில் இருக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கப்பலில் அவுட்டோர் கிடையாது. காற்றில் வெப்பத்தைக் கொட்டும் ஃபின், காத்தாடி எதுவும் தங்கும் பகுதி ஏர்கோனுக்கு வெளியே தொங்காது. வெப்பம் முழுக்கக் கடலுக்குத்தான் போகிறது. கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ் (குளிரூட்டும் வாயு) ஓர் உருளைக்குள் நுழையும். அந்த உருளைக்குள் நூற்றுக்கணக்கில் மெல்லிய குழாய்கள், குழாய்க்குள் கடல்நீர் ஓடும், வெளிப்பக்கத்தில் கேஸ் குளிர்ந்து திரவமாகி அடியில் சேரும். அதுதான் கண்டென்சர். உப்பு தின்னாமலிருக்க குழாய்களை குப்ரோ நிக்கல், அலுமினியப் பித்தளை போன்ற கலவையில் செய்வார்கள், இரண்டு முனை மூடிக்குள்ளும் துத்தநாகத் துண்டுகள் இருக்கும், அரிப்பு முதலில் அந்தத் துண்டைத் தின்னும், குழாய் தப்பிக்கும். புதிய கப்பல்கள் பலவற்றில் கடல்நீரைக் கண்டென்சருக்கே விடுவதில்லை, நன்னீர் ஒரு சுற்றில் ஓடி கண்டென்சரைக் குளிர்விக்கும், அந்த நன்னீரைத் தனியாக ஒரு பெரிய கூலரில் கடல்நீர் குளிர்விக்கும். கடல்நீர் தொடும் இடம் குறைந்தால் தொல்லையும் குறைவு.

கம்ப்ரசர் பொதுவாக இரண்டு இருக்கும், பிஸ்டன் வகை அல்லது ஸ்க்ரூ வகை. வீட்டு மெஷின் மாதிரி மூடி சீல் வைத்தது அல்ல, பலவற்றில் மோட்டார் தனி, கம்ப்ரசர் தனி, நடுவில் பெல்ட் அல்லது கப்ளிங். அதனால் தண்டு வெளியே வரும் இடத்தில் ஷாஃப்ட் சீல் என்று ஒன்று உண்டு, கேஸ் குறைகிறது என்றால் முதலில் அங்கே எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். மின்சாரமும் வேறு, கப்பலில் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். வீட்டு 230 வோல்ட் பழக்கத்தில் பேனலைத் திறந்து கை வைக்கக் கூடாது.

குளிர்ந்த திரவம், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு தாண்டிப் போவது ஏஎச்யு என்கிற காற்றுப் பெட்டிக்கு. ஒரு ஆள் உள்ளே நுழைந்து வேலை பார்க்கக்கூடிய அளவு இரும்புப் பெட்டி, தங்கும் பகுதியில் அதற்கென்று ஓர் அறை இருக்கும். அதற்குள் ஃபில்டர், குளிர் காயில் (குழாய்ச் சுருள்), சூடு காயில், பெரிய விசிறி எல்லாம் வரிசையாக. அங்கே தயாராகும் காற்று குழாய் வழியாக ஒவ்வொரு கேபினின் கூரைக்கும் வரும், கூரையிலுள்ள திருகை வைத்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். கேபினுக்குக் கேபின் தனி மெஷின் இல்லை. பயணிகள் கப்பலில் மட்டும் வேறு: மெஷின் அறையில் தண்ணீரை 6, 7 டிகிரிக்குக் குளிர்வித்து அந்தத் தண்ணீரையே கப்பல் முழுக்கச் சுற்றவிடுவார்கள். பூலாவ் இண்டா முனையத்துக்கு வரும் உல்லாசக் கப்பல் அளவுக்கு, ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு, கேஸையே அத்தனை தூரம் குழாயில் கொண்டுபோக முடியாது, ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் மொத்தமும் போய்விடும்.

அடுத்தது, வீட்டு வேலை செய்தவர்கள் பலர் கவனிக்காத விஷயம், வெளிக்காற்று. உங்கள் ஸ்பிலிட் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கப்பலில் அப்படி விட முடியாது. கப்பல் ஏர்கோன் வடிவமைப்புக்கான ஐஎஸ்ஓ 7547 என்ற விதி, அனுப்பும் காற்றில் குறைந்தது 40 விழுக்காடு வெளியிலிருந்து வந்த புதுக்காற்றாக இருக்க வேண்டும் என்கிறது. அதே விதி கோடைக்கு வைத்திருக்கும் கணக்கு வெளியே 35 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம், உள்ளே 27 டிகிரி, 50 விழுக்காடு. அந்த வெளிக்காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும், உள்ளே 11 கிராம்தான் இருக்கலாம். மீதி 14 கிராமை ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் பிழிந்து எடுக்க வேண்டும். காற்றின் சூட்டைக் குறைப்பதைவிட இந்த ஈரத்தை எடுப்பதற்கே மெஷின் அதிகம் உழைக்கிறது. நடுத்தர சரக்குக் கப்பல் ஒன்றுக்குக் குளிரூட்டும் திறன் 150 கிலோவாட்டைத் தாண்டுவது சாதாரணம், உங்கள் 1 எச்பி ஸ்பிலிட் கிட்டத்தட்ட 2.6 கிலோவாட், கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது இருபத்தைந்து பேருக்கு இவ்வளவா என்று தோன்றும், வெயிலில் காயும் இரும்புச் சுவரும் இந்தப் புதுக்காற்றும்தான் காரணம்.

சூட்டைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், கண் வலிக்கிறது.


ரீஃபர்_யார்ட்:

நான் கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்ஸ் முனையம் பக்கம் ரீஃபர், அதாவது குளிர்பதனக் கொண்டெய்னர் பார்க்கிறேன். ஒரு சின்னக் குறிப்பு: கப்பலில் மூன்று தனித்தனி குளிர் ஏற்பாடு இருக்கும், ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். தங்கும் பகுதி ஏர்கோன் ஒன்று. சமையல் பொருள் வைக்கும் குளிர் அறைகள் இன்னொன்று, இறைச்சி அறை மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே, காய்கறி அறை 4 டிகிரி சுற்றி, அதற்குத் தனி கம்ப்ரசர். மூன்றாவது டெக்கில் நிற்கும் ரீஃபர் பெட்டிகள், அவை ஒவ்வொன்றும் தன் மெஷினைத் தானே சுமந்து வருபவை, கப்பல் மின்சாரம் மட்டும் கொடுக்கும். கப்பலில் காற்றால் குளிரும் கண்டென்சரைப் பார்க்க ஆசை என்றால் அந்தப் பெட்டிகளில்தான் பார்க்கலாம். "ஏர்கோன் வேலை" என்று கூப்பிட்டுவிட்டு மேலே போனதும் குளிர் அறையைக் காட்டுவார்கள், அதனால் எந்த வேலை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.


பந்திங்_ஏர்கோன்:

ஐயா, ரொம்ப நன்றி. இதைப் படித்ததும் பாதி பயம் போய்விட்டது. ஆனால் ஒரு சந்தேகம், நம்ம பக்கத்துக் கடல்நீரே 30 டிகிரி சுற்றி இருக்குமே, அது எப்படி நன்றாகக் குளிர்விக்கும்? வெளிக்காற்று 33, 34 என்றால் பெரிய வித்தியாசம் இல்லையே. சூடு விஷயத்தையும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.


இரண்டாம்_இஞ்சினியர்:

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் குறைவுதான். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாகும்போது வாங்கும் வெப்பம், அதே ஒரு லிட்டர் காற்று வாங்குவதைப் போல ஏறக்குறைய 3500 மடங்கு. அதனால் சின்ன உருளைக்குள் பம்ப் தள்ளும் தண்ணீரே போதும், தண்ணீர் உள்ளே வந்து வெளியே போவதற்குள் சில டிகிரிதான் ஏறும். கடல்நீர் 32 டிகிரி வரை போகலாம் என்று வைத்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆர்134ஏ கேஸ் 40 டிகிரியில் திரவமாகிறது என்றால் அழுத்தம் காட்டும் கேஜில் 9 பார் சுற்றிக் காட்டும். வீட்டு ஆர்32 அதே சூட்டில் 23, 24 பார் காட்டும், அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கப்பல் கேஜைப் பார்த்தால் கேஸ் இல்லை என்று தோன்றிவிடும். எந்த கேஸ் என்று பெயர்த்தகட்டில் பார்த்த பிறகுதான் கேஜைப் பார்க்க வேண்டும்.

இப்போது சூடு. கம்ப்ரசரைத் திருப்பி ஓட்டுவதில்லை தம்பி, சரக்குக் கப்பல்களில் பெரும்பாலும் நீராவிதான். காற்றுப் பெட்டிக்குள் குளிர் காயிலுக்குப் பக்கத்தில் சூடு காயில் இருக்கிறது என்றேனே, அதற்குள் நீராவி ஓடும். பனிக்காலத்தில் குளிர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு நீராவி வால்வைத் திறப்பார்கள், விசிறியும் குழாயும் அதேதான். நீராவி எங்கிருந்து? கப்பல் ஓடும்போது மெயின் இஞ்சினின் புகை டர்போவைத் தாண்டிய பிறகும் 200 டிகிரிக்கு மேல் இருக்கும். அதை அப்படியே வானத்தில் விடாமல் புகைபோக்கிக்குள் ஒரு கொதிகலனைச் சுற்றவிட்டு 7 பார் நீராவி எடுப்பார்கள், சுமார் 170 டிகிரி, எண்ணெய் செலவில்லை. துறைமுகத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் எண்ணெய் எரிக்கும் துணைக் கொதிகலன் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அதனால் கொரியாவில் ஜனவரி மாதம் கப்பல் கட்டியிருக்கும்போது கொதிகலன் நின்றால் கேபினில் கம்பளிக்குள்தான் இருக்க வேண்டும்.

அதே ஐஎஸ்ஓ விதிப்படி பனிக்காலக் கணக்கு வெளியே மைனஸ் 20, உள்ளே 22 டிகிரி. அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரமே இருக்காது, அதைச் சூடாக்கினால் இன்னும் காய்ந்துபோகும், தொண்டை வறண்டு மூக்கில் ரத்தம் வரும். அதற்காகக் காற்றுப் பெட்டியில் கொஞ்சம் நீராவியை நேராகவே காற்றில் விடுவார்கள். கேப்டனுக்கு ஒரு சூடு, இஞ்சின் அறைத் தொழிலாளியான மோட்டார்மேனுக்கு ஒரு சூடு வேண்டுமென்றால் சில கப்பல்களில் கேபின் கூரைப் பெட்டியிலேயே சின்ன மின்சார ஹீட்டர் இருக்கும், சுவரில் தெர்மோஸ்டாட் இருக்கும். ஏர்கோன் குளிரவே இல்லை என்ற புகாருக்கு இந்த ஹீட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருப்பது ஒரு காரணம், மறக்காமல் பாருங்கள்.

இதெல்லாம் வசதிக்காகச் செய்வது இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்று ஒன்று, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. தங்கும் பகுதி, ரேடியோ அறை, இஞ்சின் கட்டுப்பாட்டு அறை எல்லாவற்றுக்கும் ஏர்கோன் இருக்க வேண்டும் (அது தேவைப்படாத மிதமான தட்பவெப்பப் பகுதியில் வழக்கமாக ஓடும் கப்பல் தவிர), வெப்பமண்டலத்தில் மட்டுமே ஓடும் கப்பல் தவிர மற்றதற்குச் சூடும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இஞ்சின் அறைக்குள்ளே மட்டும் ஏர்கோன் இல்லை, அங்கே விசிறிக் காற்றுதான், நம்ம கடலில் 45 டிகிரியில் நின்று வேலை செய்கிறார்கள். அந்த வேர்வையோடு வந்து படுக்கிறவனுக்கு கேபின் குளிரவில்லை என்றால் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாதவன் அடுத்த வாட்சில் (வேலை முறையில்) தவறு செய்வான். அதனால் இந்த வேலையை எவரும் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது என்பது என் கருத்து.


மில்_போய்லர்:

இரண்டாம் இஞ்சினியர் ஐயா, உங்கள் நீராவிப் பகுதியைப் படித்ததும் எழுத வந்தேன். நான் செம்பனை மில்லில் போய்லர் பார்க்கிறேன். எங்களிடமும் இதே கதைதான், பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, முதலில் டர்பைன் சுற்ற மின்சாரம், அதிலிருந்து வெளியேறும் 3 பார் நீராவியில் பழக்குலையை வேகவைப்பது. வீணாகப் போவதை வைத்தே அடுத்த வேலையை முடிப்பது. இங்கிருந்து லாரியில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் எண்ணெய் கப்பலில் உறைந்துபோகாதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன், அதற்கும் இந்த நீராவியா?


இரண்டாம்_இஞ்சினியர்:

ஆமாம், அதே கொதிகலன்தான். செம்பனை எண்ணெய் ஏற்றும் கப்பலில் தொட்டியின் அடியில் நீராவிக் குழாய்ச் சுருள் ஓடும். பயணத்தின்போது 32 முதல் 40 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள், இறக்கும்போது 50 முதல் 55 டிகிரி. இறக்க வேண்டிய துறைமுகம் நெருங்கும்போது ஒரே நாளில் ஏற்றிவிடக் கூடாது, நாளுக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்றினால் சுருளைத் தொட்டு நிற்கும் எண்ணெய் கருகி நிறமும் மணமும் கெடும். இந்த மாதிரிக் கப்பலில் சரக்கைச் சூடாக்கத்தான் பெரும்பங்கு நீராவி, ஆள் இருக்கும் அறைக்குப் போவது அதில் சின்னப் பங்கு. உங்கள் மில் எண்ணெயை ரோட்டர்டாம் வரை திரவமாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தச் சுருள்.


மூன்றாவது_இஞ்சினியர்_அக்கா:

அண்ணா, நான் மலாக்காவில் அலாம் என்ற கடல்சார் கழகத்தில் படித்து இப்போது டேங்கரில் வேலை செய்கிறேன், விடுமுறையில் இருக்கிறேன். இன்னும் யாரும் எழுதாத பாதுகாப்பு விஷயம் சொல்கிறேன், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

டேங்கரில் சரக்கு ஏற்றி இறக்கும்போது டெக்கில் எரியக்கூடிய ஆவி இருக்கலாம். அந்த நேரம் காற்றுப் பெட்டியின் வெளிக்காற்று வழியைக் குறைத்து உள்காற்றையே சுற்றவிடுவோம், ஆனால் முழுக்க மூடிவிட மாட்டோம், உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் ஆவி கதவு இடுக்கில் உள்ளே வராது. கழிவறை எக்ஸாஸ்ட் இழுப்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஏன் டாம்பர் (காற்று வழியின் மடல்) பாதி மூடியிருக்கிறது என்று நீங்களாகத் திறந்துவிடாதீர்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள். சமையலறைக்கும் மருத்துவ அறைக்கும் போன காற்று திரும்ப வந்து மற்ற கேபினுக்குப் போகாதபடி தனியாக வெளியேறும், அந்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது.

தீ அபாயம் என்றால் எல்லா விசிறியும் ஒரே பொத்தானில் நிற்கும், குழாயிலுள்ள தீத் தடுப்புக் கதவு மூடும். சர்வீஸ் வேலைக்காகச் சிலர் அந்தக் கதவைக் கம்பி கட்டித் திறந்து வைத்துவிட்டு அப்படியே மறந்து போய்விடுகிறார்கள், அது பெரிய குற்றம், தீ ஓர் அறையிலிருந்து அடுத்த மாடிக்குப் போக அந்த வழி போதும். கேஸ் காற்றைவிடக் கனமானது, இஞ்சின் அறையின் கீழ்த்தட்டில் கசிந்தால் அடியில் தேங்கி மூச்சு விட இடம் இருக்காது. கேஸ் இருக்கும் இடத்தில் வெல்டிங் தீ பட்டால் அது நச்சாக மாறும். வேலை அனுமதிச் சீட்டு கையெழுத்தாகாமல் எதையும் திறக்காதீர்கள், மின்சாரத்தைப் பூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.


பந்திங்_ஏர்கோன்:

அக்கா, நன்றி, இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. கிள்ளானில் கட்டியிருக்கும் கப்பலில் "கேபின் குளிரவில்லை" என்று கூப்பிட்டால் எங்கே ஆரம்பிக்க வேண்டும்?


இரண்டாம்_இஞ்சினியர்:

காற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், கேஸ் பக்கத்திலிருந்து இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கிறதா, காயில் பனி பிடித்திருக்கிறதா, விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறதா, யாராவது வெளிக்காற்று டாம்பரை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்களா. வடிகால் தட்டையும் பாருங்கள், கப்பல் முன்பின் சாய்ந்து நிற்கும்போது தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும், அங்கே பாசியும் கிருமியும் வளர்ந்தால் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். அந்தத் தட்டைச் சுத்தமாகக் கழுவிக் கொடுத்தாலே பாதிப் பேர் உங்களை மறக்க மாட்டார்கள்.

அடுத்தது கண்டென்சர். கிள்ளான் ஜலசந்தித் தண்ணீர் சேறு நிறைந்தது, சதுப்புக்காட்டு ஆற்று வாயெல்லாம் அங்கேதான் திறக்கிறது. கடல்நீர் வடிகட்டியில் சேறு, சிப்பி, சில நேரம் ஜெல்லி மீன்கூட அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் அழுத்தம் ஏறி, ஹை பிரஷர் கட்அவுட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். உடனே அதை ரீசெட் செய்துகொண்டே ஓட்டக் கூடாது, தண்ணீர் வரும் சூடும் போகும் சூடும் எவ்வளவு என்று பாருங்கள், வித்தியாசம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் தண்ணீர் குறைவு, வித்தியாசம் சின்னதாகி அழுத்தம் மட்டும் ஏறியிருந்தால் குழாய்க்குள் படிவு அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. படிவு என்றால் முனை மூடியைக் கழற்றி நைலான் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், குழாயின் உள்தோல் கிழியும். துத்தநாகத் துண்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேஸ் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை என்றால் கண்டென்சர் குழாயையே சந்தேகப்படுங்கள். ஓடும்போது கேஸ் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம், அதனால் கேஸ் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. கடல்நீரை அடைத்துவிட்டு, தண்ணீர்ப் பக்கத்தின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து கேஸ் கசிவு டிடெக்டர் வைத்தால் அகப்பட்டுவிடும். அப்படியே விட்டால் கேஸ் தீர்ந்த பிறகு கடல்நீர் உள்ளே புகுந்து கம்ப்ரசர் மொத்தமும் போகும்.

கேஸ் சேர்க்க வேண்டி வந்தால் பழைய கப்பலில் ஆர்22 இன்னும் இருக்கலாம். ஓசோனைக் கெடுக்கும் வகை என்பதால் கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி 2020 ஜனவரி 1 முதல் கட்டப்பட்ட கப்பலில் அந்த வகையை வைக்கவே கூடாது, வைத்திருக்கும் பழைய பெரிய கப்பல்கள் அதற்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். எத்தனை கிலோ ஏற்றினீர்கள், எத்தனை கிலோ வெளியேறியது என்று அதில் எழுதுவார்கள். அதனால் சிலிண்டரை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள், அந்த எடையைத் தலைமை இஞ்சினியரிடம் கொடுங்கள். துறைமுக அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.